வேலை போன காலத்தில் வேலை தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் டெஸ்டிங், அதாவது மென்பொருளில் பிழை தேடிப் பிடிப்பது, என் தொழில். இரண்டு முறை வேலை போயிருக்கிறது. அமெரிக்காவில் டாட்காம் (இணைய வணிக) கம்பெனிகள் சரிந்த கையோடு 2001-ல் ஒரு தடவை, ஊரடங்கு வந்த 2020-ல் இன்னொரு தடவை. நடுவில் 2009-ல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தேன். அதுவும் நல்ல வருஷமில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானது. 2009 ஜனவரி 7 அன்று ஐ.டி. கம்பெனியான சத்யத்தின் கணக்கு மோசடி வெளியே வந்தது. கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கிய பிள்ளைகள் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அதனால் யாருக்காவது வேலை போனால் எனக்கு போன் வரும். தங்கை பிள்ளைகள், முன்னால் என் டீமில் இருந்தவர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலர். "அக்கா, ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று தொடங்கி அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். என் பதில்கள் இவை.

வேலை போய்விட்டது என்று சொன்ன அன்றைக்கு என்ன செய்வது?

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் லாகின் முடக்கப்படுவதற்கு முன் பே-ஸ்லிப்புகள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று), ஆஃபர் லெட்டர், இன்க்ரிமென்ட் லெட்டர்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காகிதங்கள் மட்டும்தான். கம்பெனி ஃபைல் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம், அது பின்னால் வம்பாக முடியும்.

"ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்" என்று ஹெச்.ஆர். சொல்லலாம். 2020-ல் எனக்கும் சொன்னார்கள். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாமல், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளம், மிச்ச லீவுக்கான பணம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், ஆட்குறைப்புக்கான இழப்பீடு பற்றிப் பேச அப்புறம் இடமிருக்காது.

நிரந்தரப் பணியில் 5 வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உங்கள் உரிமை. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வந்ததைச் சேவை வருஷங்களால் பெருக்க வேண்டும். அடிப்படை 40,000, சேவை 6 வருஷம் என்றால் சுமார் 1,38,460 ரூபாய். இதைக் கணக்குப் போடாமலே வெளியே வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

2001-ல் எனக்கு 24 வயது. மயிலாப்பூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். வேலை போனதை ஊரில் ஆறு வாரம் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் குளித்து, தலைவாரி, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஹாஸ்டல் வார்டனுக்கும் தெரியக் கூடாதே! எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து மதியம் வரை பேப்பர் படித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு, சாயங்காலம் 'ஆபீஸ் விட்டு' வருவேன். மாதப் பிறப்பில் சேமிப்பிலிருந்து எடுத்து அப்பாவுக்கு 3,000 ரூபாய் அனுப்பினேன். ஆறு வாரமும் நான் வேலையா தேடினேன்? வேலை இருப்பதுபோல நடித்தேன். அதற்கே நாள் முழுக்கப் போனது.

சொன்னபோது அம்மா அழுதாள். அப்பா ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் சித்தப்பா போன் பண்ணி, "இதை முதல்லயே சொல்ல மாட்டியா? எங்க பேங்க்ல கம்ப்யூட்டர் மாத்துறாங்க, அந்த கம்பெனிக்காரன் தினம் வந்து உக்காந்திருக்கான்" என்றார். அந்தக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே பார்த்த ஒருவர் சொல்லித்தான் இன்னொரு இடத்தில் கிடைத்தது.

வெளியே தெரிந்தால் கௌரவக் குறைவு, மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதாம் என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்கள், பெண் பார்ப்பது தட்டிப்போகும் என்ற பயமெல்லாம் எனக்குப் புரிகிறது. பேசத்தான் செய்வார்கள், இரண்டு வாரம் பேசுவார்கள். உங்களுக்கு வேலை இல்லை என்பதே தெரியாத ஒருவர் உங்களுக்காக எப்படி விசாரிப்பார்?

சொல்லும்போது மூன்று வரி போதும். "கம்பெனியில் 40 பேரை எடுத்துவிட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. நான் பார்ப்பது பேங்க் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அந்த மாதிரி இடத்தில் இருப்பவர் யாரையாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்." புலம்பலும் வேண்டாம், பழைய மேனேஜரைத் திட்டுவதும் வேண்டாம். என்ன வேலை தெரியும் என்பது மட்டும் கேட்பவர் மனதில் தங்க வேண்டும். 'ஐ.டி.யில் இருந்தான்' என்று மட்டும் தெரிந்தால் யாராலும் உதவ முடியாது.

நெருங்கிய நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒன்றும் நகரவில்லையே?

நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதுதான் சிக்கல். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970 வாக்கில் பாஸ்டன் பக்கத்து நியூட்டனில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 6-ல் ஒருவர்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் பாதிக்கு மேல். அபூர்வமாகப் பார்ப்பவர்கள் கால்வாசிக்கும் கொஞ்சம் அதிகம்.

காலேஜில் பக்கத்து டிபார்ட்மென்டில் இருந்தவர், பழைய கம்பெனியில் லிஃப்டில் மட்டும் சிரித்தவர், பிள்ளையின் ஸ்கூல் வேனில் பார்க்கிற இன்னொரு அம்மா. வேலை வருவது பெரும்பாலும் இந்தத் திசையிலிருந்துதான். இவர்களுக்கு மெசேஜ் அனுப்பத்தான் நமக்குக் கை வராது.

எனக்கு வரும் மெசேஜ் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஹாய் மேடம், ஹவ் ஆர் யூ? எனிதிங் இருந்தா சொல்லுங்க." கூடவே ரெஸ்யூமே. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? "கண்டிப்பா" என்று பதில் போடுவேன், அத்தோடு சரி.

போன வருஷம் வந்த ஒன்று வேறு மாதிரி. "மேடம், 2017-ல் உங்கள் பக்கத்து டீமில் இருந்தேன், பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங். போன மாதம் எங்கள் ப்ராஜெக்டை மூடிவிட்டார்கள். நீங்கள் முன்பு இருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் என் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்த டீம் எப்படி என்று 10 நிமிஷம் பேச முடியுமா? சனிக்கிழமை காலை வசதியா?" வேலை கேட்கவில்லை, விவரம்தான் கேட்டான். சனிக்கிழமை பேசினேன். பேசி முடித்ததும் நானே அங்கிருக்கும் ஒருவருக்கு அவன் பேரைச் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை.

இணையத்தில் 200 இடத்துக்கு அப்ளை செய்தேன். ஒரு பதில்கூட இல்லை. என்னிடம் என்ன குறை?

குறை உங்களிடம் இருக்கலாம், ஆனால் 200 பேரும் உங்கள் ரெஸ்யூமேயைப் படித்துப் பார்த்து ஒதுக்கியிருக்க மாட்டார்கள். 2009-ல் எங்கள் டீமில் 2 இடம். வந்தது 600 ரெஸ்யூமேவுக்கு மேல். உள்ளே வேலை பார்ப்பவர்கள் சிபாரிசு செய்த 15-ஐ முதலில் எடுத்துக்கொண்டோம். மிச்சத்தை ஹெச்.ஆர். பெண் ஒரு எக்ஸெல் தாளில் போட்டு, அனுபவ வருஷத்தை வைத்து வெட்டி, 40 ஆக்கினாள். அந்த 40-ஐத்தான் நான் பார்த்தேன். மற்ற 550 பேர் என்ன படித்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. அவர்களில் என்னைவிடத் திறமைசாலிகள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

அப்ளை செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் ஒரு மணி நேரம், பொருந்துகிற 3 அல்லது 4 இடம், அந்தந்த இடத்துக்கு ரெஸ்யூமேயின் முதல் பத்தியை மாற்றி எழுதி. மிச்ச நேரம் மனிதர்களோடு. அப்புறம் நவுக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்களில் உங்கள் ப்ரொஃபைலை வாரம் ஒரு முறையாவது திறந்து ஏதாவது ஒரு வரியைத் திருத்துங்கள். ரெக்ரூட்டர்கள் சமீபத்தில் தலைகாட்டியவர்களை வடிகட்டித்தான் தேடுவார்கள்.

எங்கள் காலத்தில் புதன்கிழமை 'தி ஹிந்து'வின் வேலைவாய்ப்பு இணைப்புக்காகக் காத்திருந்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து மெயில் அனுப்பினோம். ஒவ்வொரு வட்டத்துக்கும் காசு செலவானதால் யோசித்துத்தான் வட்டம் போட்டோம். ஒரே தட்டில் அப்ளை ஆகிற இந்தக் காலத்தில் அந்த யோசனை போய்விட்டது.

ரெஸ்யூமேயில் எதை மாற்ற வேண்டும்?

பார்த்த வேலையின் பெயருக்குப் பதிலாக, செய்ததை எழுதுங்கள். என் தங்கை மகள் எழுதியிருந்தது: "டெஸ்டிங் பணிகளுக்குப் பொறுப்பு வகித்தேன்." உட்கார வைத்து ஒரு மணி நேரம் குடைந்த பிறகு வந்தது: "வீட்டுக் கடன் வட்டிக் கணக்கீட்டுக்கு 340 டெஸ்ட் கேஸ் எழுதினேன். லீப் வருஷத்தில் ஒரு நாள் வட்டி விடுபடும் பிழையை ரிலீஸுக்கு முன் பிடித்தேன்." இது ஏன் முதலிலேயே இல்லை என்றால், "அது என் வேலைதானே பெரியம்மா, அதையா எழுதுவாங்க?" என்கிறாள்.

எல்லாத் தொழிலுக்கும் இதுதான். கணக்கு எழுதுபவர் 'டேலி தெரியும்' என்று போட்டால் ஆயிரம் பேரில் ஒருவர். 'மாதம் சுமார் 900 பில், 3 வருஷத்தில் ஒரு தடவையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாமதமில்லை' என்று போட்டால் முதலாளி நிமிர்ந்து உட்காருவார்.

அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி: எடுத்துவிடலாம்.

நாள் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. எதுவும் செய்யாமலே களைப்பாக இருக்கிறது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்டால் என்று ஒரு மில் ஊர். 1930 வாக்கில் மில் மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று ஆய்வாளர்கள் குழுவோடு அங்கே போய் 1933-ல் ஆய்வை வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக் கிடக்கிறதே, ஜனங்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே நின்றார்கள். பெண்கள் அவ்வளவாக நிற்கவில்லை. சமையலும் துவையலும் வீட்டில் காத்திருந்தன.

கடைசி விவரத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 2020-ல் எனக்கு நடந்தது அதுதான். வேலை போன மறு வாரமே, சமையல், ஆன்லைன் வகுப்புக்குப் பிள்ளையை உட்கார வைப்பது, மாமியாரின் மாத்திரை எல்லாம் தானாக என் தலையில் வந்து விழுந்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை, 'சும்மாதானே இருக்கே' என்ற கணக்கு. வேலை தேடும் பெண்கள் முதலில் வீட்டில் நேரம் கேட்டு வாங்க வேண்டும். காலை 9:30 முதல் 12:30 வரை நான் ஆபீஸில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்தினேன். முதல் வாரம் நாலு தடவை தட்டினார்கள். மூன்றாம் வாரம் தட்டவில்லை.

வீட்டில் இடமில்லை என்றால் வெளியே போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு. நான் டிபன் பாக்ஸோடு ஒளிந்த மாதிரி இல்லாமல், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தேதி, யாரிடம் பேசினேன், என்ன சொன்னார், மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்று நாலு கட்டம். 2020 நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, 41 பேர். மனம் சோர்ந்த நாளில் 'ஒன்றுமே செய்யவில்லை' என்று தோன்றும்போது, அந்தப் பக்கங்களைப் புரட்டினால் அது பொய் என்று தெரியும்.

தனியாகத் தேடுவதா, கூட்டாகவா?

கூட்டாக. போட்டியாளர்கள்தானே என்று தோன்றும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளர் 1970-களில் வேலை தேடுவோரைக் குழுவாக்கித் தினமும் சந்திக்க வைத்தார். ஒருவர் ரெஸ்யூமேயை இன்னொருவர் திருத்துவது, போன் பேசும்போது பக்கத்தில் இருப்பது, தனக்கு ஒத்துவராத காலியிடத்தை மற்றவருக்குச் சொல்வது, இவ்வளவுதான். 3 மாதத்தில் குழுவில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது. தனியாகத் தேடியவர்களில் 60 சதவீதம். நாங்கள் 2020-ல் 5 பேர், காலையில் அரை மணி நேரம் வீடியோ காலில் கூடினோம். முக்கால்வாசி நாள் புலம்பல்தான். ஆனால் 9:30-க்குத் தலைவாரி உட்கார வேண்டியிருந்தது பாருங்கள்.

இந்த நேரத்தில் புதிதாக ஒரு கோர்ஸ் சேரலாமா?

மந்தம் வந்தால் முதலில் செழிப்பது கோர்ஸ் விற்பவர்கள்தான். 2001 வாக்கில் சென்னையில் தெருவுக்குத் தெரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் (டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் செய்வது) வகுப்பு. என் ஹாஸ்டல் அறைத் தோழி கம்மலை அடகு வைத்துச் சேர்ந்தாள். சர்டிஃபிகேட் வந்தது, வேலை வரவில்லை. இன்றைக்கு அந்தப் பலகையில் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ. என்று எழுதியிருக்கிறது.

'100% பிளேஸ்மென்ட்' என்று சொன்னால், போன பேட்ச்சில் சேர்ந்த 3 பேரின் போன் நம்பர் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிச் சேர வேண்டிய கோர்ஸ் எதுவும் வேலை இல்லாத காலத்தில் வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டப் பயிற்சிகள் இருக்கின்றன. பாலிடெக்னிக், டிகிரி முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு அப்ரென்டிஸ் பயிற்சி இருக்கிறது. உதவித்தொகை குறைவுதான், ஆனால் ரெஸ்யூமேயில் ஒரு தொழிற்சாலையின் பெயர் ஏறும்.

குறைந்த சம்பளம், சின்ன கம்பெனி, கான்ட்ராக்ட். ஏற்றுக்கொள்ளலாமா?

கையில் 6 மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கலாம். இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், தேடுவதையும் நிறுத்தாதீர்கள். 2001-ல் எனக்குக் கிடைத்தது பழைய சம்பளத்தைவிட 2,500 ரூபாய் குறைவு. ஒரு வருஷம் உறுத்தியது. அங்கே கற்றுக்கொண்ட பேங்க் கணக்குதான் அதற்கப்புறம் எல்லா இடத்திலும் எனக்குச் சோறு போட்டது.

பதவிப் பெயர் குறைந்தாலும் பரவாயில்லை, செய்கிற வேலையின் தொடர்ச்சி போகாமல் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை யோசியுங்கள். 2006-ல் உற்பத்தி தொடங்கியது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதில் பெண்கள் நிறைய. 2014 நவம்பரில் நின்றுவிட்டது. அந்த ஆலையைப் பின்னர் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்து நடத்துகிறது. இடையில் 5 வருஷத்துக்கு மேல். அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க முடியாது. ஆனால் இடைக்காலத்தில் சின்ன யூனிட்டிலாவது லைனில், சால்டரிங்கில் கை வைத்திருந்தவருக்கும், அத்தனை வருஷமும் தொழிலையே தொடாதவருக்கும் இன்டர்வியூவில் வித்தியாசம் தெரியும்.

இடைவெளியை மறைக்க ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போடலாம் என்கிறார்கள்?

வேண்டாம். நியாயம் அநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கினால், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வரிசையாகத் தெரிந்துவிடும். சேர்ந்து 4 மாதம் கழித்துப் பிடிபட்டு வெளியேற்றப்பட்டவனைப் பார்த்திருக்கிறேன். இடைவெளியைப் பற்றிக் கேட்டால், "ஜூனில் ஆட்குறைப்பு. அதிலிருந்து தேடுகிறேன், நடுவில் ஒரு கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன்" என்று இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். மந்தமான வருஷத்து இடைவெளியை யாரும் குறையாக நினைப்பதில்லை, கேட்பவரின் மச்சானுக்கே வேலை போயிருக்கும்.

இன்டர்வியூவில் எதைப் பார்த்து எடுத்தீர்கள்?

2009-ல் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன். டெஸ்டிங் இன்டர்வியூவில் எல்லோரும் கேட்கிற பழைய கேள்வி, "ஒரு லிஃப்டை எப்படி டெஸ்ட் செய்வாய்?" அதுவரை வந்தவர்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள்: எடை, கதவு, கரன்ட் போனால் என்ன ஆகும். இவன் கேட்டான், "எந்தக் கட்டடத்து லிஃப்ட் மேடம்? ஆஸ்பத்திரியா, ஆபீஸா?" ஆபீஸ் என்றேன். "அப்ப உங்க லிஃப்டையே சொல்றேன். வரும்போது பார்த்தேன், 3-வது மாடி பட்டனை ரெண்டு தடவை அமுக்கினாத்தான் விளக்கு எரியுது." நாங்கள் தினம் அமுக்குகிற பட்டன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவன் ஆங்கிலம் சுமார்தான். எடுத்தோம்.

பணத்தை எப்படிச் சமாளிப்பது?

தவணை தவறிய பிறகு பேங்க்குக்குப் போகாமல், தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டியும் வட்டி போகும். வீட்டில் நகை இருந்தால் பேங்க்கில் நகைக்கடன் எவ்வளவோ மேல். ஆஃபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொந்தப் பாலிசிக்கு மாற முடியுமா என்று, வெளியேறும் முன்பே கேளுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுப்பதற்கான விதிகள் அவ்வப்போது மாறும், அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பென்ஷன் பங்கையும் சேர்த்து வழித்தெடுத்தால் அதுவரையான சேவைக் கணக்கு போய்விடும். பென்ஷனுக்கு 10 வருஷச் சேவை வேண்டும்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தவர்கள், வேலை போனவர்களுக்குப் பண உதவி தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தைப் பற்றிக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். 2018-ல் வந்த திட்டம், 2020-ல் உதவியை சராசரி தினக்கூலியில் 50 சதவீதமாக, 90 நாள் வரை என்று உயர்த்தினார்கள். காலக்கெடு வைத்து நீட்டிக்கிற திட்டம், அதனால் நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும். மொபைல் ரீசார்ஜுக்கு ஆகும்.

வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், விசா அவர்களே போடுகிறார்கள். போகலாமா?

தாய்லாந்துக்கு டூரிஸ்ட் விசாவில் வா என்றால் போகாதீர்கள். 2022 முதல் இப்படிப் போனவர்களை மியான்மர், கம்போடியா, லாவோஸில் சைபர் மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்து வேலை வாங்கிய செய்திகள் தொடர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மாட்டி மீட்கப்பட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிந்தவரா என்று பாருங்கள். பதிந்த ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உள்ளூரிலும் 'லேப்டாப் டெபாசிட்', 'டிரெய்னிங் கட்டணம்' என்று கேட்டால் அது வேலையே இல்லை.

அரசு வேலைக்குப் படிக்கட்டுமா?

படியுங்கள், முடிவு தேதி ஒன்றைக் காலண்டரில் குறித்துக்கொண்டு. 'அடுத்த குரூப் 4 பார்த்துவிட்டு' என்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் 6 வருஷம் போனவர்கள் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

எத்தனை மாதம் ஆகும்?

எனக்கு 2001-ல் 7 மாதம், 2020-ல் 5. இரண்டாம் தடவை எனக்கு 43 வயது. சந்தை ஒன்றும் சுலபமாக இல்லை. முதல் நாளே எல்லோரிடமும் சொன்னேன் என்பதுதான் வித்தியாசம்.

வேலை கிடைத்துவிட்டது. உதவியவர்களுக்கு என்ன செய்வது?

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். உங்களுக்கு வேலை வாங்கித் தந்தவருக்கு மட்டும் சொன்னால் போதாது. விசாரித்துவிட்டு 'இல்லை' என்று சொன்னவருக்கும்தான். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு 41 பேரிடமும் பேசினேன். 17-வது பேர், பெயர்கூடச் சரியாக ஞாபகமில்லாத ஒரு பழைய டெலிவரி மேனேஜர். "நல்ல செய்தி சொல்ல யாருமே திரும்பக் கூப்பிடுவதில்லைம்மா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் போன வாரம் வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார்.